கயிறு யார் கையில்?

போன மாதம் என் அக்கா மகன் புது பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. கீழக்கரையிலிருந்து மதுரை, அங்கிருந்து துபாய். சம்பளம், ஓவர்டைம், ரூம் வாடகை எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினான். அப்புறம், "மாமா, அங்க உள்ள ஆளுங்கள்லாம் எப்படி இருப்பாங்க?" என்றான்.

"நம்மள மாதிரிதான் இருப்பாங்க" என்றேன்.

அவனுக்கு அது பதிலாகவே தெரியவில்லை. தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். ஷார்ஜாவில் ஒன்பது வருடம் இருந்து நான் தெரிந்துகொண்டது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. ஆனால் வரியாகச் சொன்னால் அது வெறும் ஆறுதல் வார்த்தையாகத்தான் காதில் விழுகிறது. அதனால் அவனுக்கும், அவனைப் போல முதல் தடவை கடல் தாண்டப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் விரித்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

தெரிந்த விஷயம் ஏன் தெரியாமல் இருக்கிறது?

"எல்லாரும் மனுஷங்கதான்" என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். ஜும்ஆ பயானில் கேட்கிறோம். கோயிலிலும் மாதா கோயிலிலும் அதையேதான் சொல்கிறார்கள். அறிவியலும் ஒத்துக்கொள்கிறது. 1972-இல் ரிச்சர்ட் லெவான்டின் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர், உலகத்தின் பல பகுதி மக்களுடைய ரத்த வகைகளையும் ரத்தப் புரதங்களையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார். மனிதர்களுக்கு இடையே உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று கண்டார். எங்கள் தெருவில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவிலேயே வித்தியாசத்தின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. கண்டம் விட்டுக் கண்டம் போனால் அதற்கு மேல் சேர்வது கொஞ்சம்தான்.

இவ்வளவு தெரிந்தும், வெளியாள் என்றால் மனது வேறு மாதிரிதான் பார்க்கிறது. ஏன் என்பது கடற்கரையில் நின்று பழகியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். விடியற்காலையில் தூரத்தில் வரும் படகுகள் எல்லாம் ஒரே மாதிரி கறுப்புப் புள்ளிகள். கிட்டே வர வரத்தான் பெயின்ட் தெரியும், கொடி தெரியும், இது இன்னாருடைய படகு, அதில் நிற்கிறவன் இன்னாருடைய மகன் என்று சொல்ல முடியும். சொந்த ஊர் ஆட்களை நாம் ஒவ்வொருவராகத் தெரிந்து வைத்திருக்கிறோம். இவர் முன்கோபி, அவர் தாராளக் கை, இன்னொருவர் வாய் திறந்தால் மூடமாட்டார். வெளியாட்களை மட்டும் மொத்தமாக அள்ளிவிடுகிறோம். "பெங்காலிங்க இப்படி", "பட்டாணிங்க அப்படி" என்று. தன் கூட்டத்தில் நூறு வகை ஆட்களைப் பார்க்கும் மனது, அடுத்த கூட்டத்தில் ஒரே அச்சைப் பார்க்கிறது. உளவியலாளர்கள் இதைப் பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அவர்களும் நம்மை அப்படித்தான் பார்க்கிறார்கள். ஷார்ஜாவில் போய் இறங்கிய முதல் ஆறு மாதம் நான் வெறும் "மதராசி".

பயணம் இந்தப் புள்ளிகளைக் கிட்டே கொண்டுவருகிறது. சரி, கிட்டே போனால் போதுமா? போதாது. அதைச் சொல்ல எங்கள் கரையின் பழைய தொழில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மச்சான் பிடித்த கயிறு

மன்னார் வளைகுடாவில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961-இல். நான் அதைப் பார்த்ததில்லை, என் வாப்பாவின் வாப்பா சொல்லி வாப்பா கேட்டு, வாப்பா சொல்லி நான் கேட்டது. குளிப்பவர் கனமான கல் ஒன்றில் கால் வைத்து விறுவிறுவென்று அடிக்குப் போவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால், மேலே நிற்பவர் அந்த நொடியே தூக்க வேண்டும். அவர் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் கீழே இருப்பவரின் கதை முடிந்தது. அதனால் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். கூடப் பிறந்தவளின் வாழ்க்கை அந்தக் கயிற்றில் தொங்குகிறதே, அவன் கண்ணசர மாட்டான் என்ற கணக்கு.

ஷார்ஜா போன இரண்டாவது வருடம், ஒரு விடுமுறை நாளில் அங்கே ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். உள்ளே நன்றாகக் குளிரும், காசும் அதிகம் கேட்க மாட்டார்கள் என்பதால்தான் போனது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் துளை போட்ட கல், கழுத்தில் மாட்டும் வலைக்கூடை, மூக்கை இறுக்கிப் பிடிக்கும் சின்ன இடுக்கி, கயிறு. வாப்பா சொன்ன சாமான் அத்தனையும் அரபு நாட்டில், ஒரு பெட்டிக்குள். வளைகுடா அரபுகளும் நம்மைப் போலவே முத்துக்குளித்துப் பிழைத்தவர்கள். எண்ணெய் வருவதற்கு முன்னால் அதுதான் அவர்களுக்குப் பெரிய பிழைப்பு. குளிப்பவருக்கு கைஸ் என்றும் கயிறு பிடிப்பவருக்கு சைப் என்றும் பெயர். ஜப்பான்காரர்கள் முத்தை வளர்க்கக் கற்றுக்கொண்ட பிறகு அந்தத் தொழில் நொடித்துப் போனது.

பெட்டியின் முன்னால் நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, அங்கே உட்கார்ந்திருந்த வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். எனக்கு அரபி அரைகுறை. என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஜத்தீ" என்று பாட்டனாரைச் சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் இரண்டு கையாலும் இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்து, மளமளவென்று மேலே இழுத்துக் காட்டினார். நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். அவருடைய ஆட்கள் கயிறு பிடித்தவர்கள்.

இது வெறும் தற்செயலான ஒற்றுமை மட்டும் இல்லை. 1900-களின் தொடக்கத்தில், இலங்கைப் பக்கம் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது, கீழக்கரை ஆட்களும் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுகளும் ஒரே கடலில் இறங்கியிருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெளிநாடு போகும்போது நம் மச்சான் கூட வருவதில்லை. கயிற்றை யாரோ ஒருவர் கையில் கொடுத்தாக வேண்டும். பேருந்து எங்கே நிற்கும் என்று கேட்பதிலிருந்து, காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தருவது வரைக்கும், முன்பின் தெரியாத ஆளை நம்பித்தான் பிழைக்க வேண்டும். நாம் அவரைத் தேடிப் போகிற அந்த இடத்தில்தான் புள்ளி மனிதனாகிறது. எத்தனை ஊர் பார்த்தோம் என்பதை விட, எத்தனை பேரிடம் கைநீட்ட வேண்டி வந்தது என்பதுதான் கணக்கு என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு அது முதல் வருடமே வந்தது. வேலை பார்த்த இடத்தில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. ஊரில் கேட்க வெட்கம். எங்கள் கட்டடத்துக் காவலாளி நேபாளத்துக்காரர். ஒரு நாள் ராத்திரி பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த நாள் கேட்டதற்கு, "என் தம்பி கத்தாரில் இருக்கான். அவனுக்கும் யாராவது வைப்பாங்கல்ல" என்றார் இந்தியில். அதுவரைக்கும் அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

பாம்பனில் இறங்கியவர்

இந்தக் கரையில் நின்று வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேசினால் விவேகானந்தரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் அமெரிக்கா போகத் தூண்டியவர்களில் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதியும் ஒருவர். 1893 செப்டம்பர் 11-ஆம் தேதி சிகாகோவில் சர்வமத மாநாட்டில் அவர் பேசியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கு இரண்டொரு நாள் முன்னால் நடந்ததுதான் எனக்கு நெருக்கமான கதை.

போய்ச் சேர வேண்டிய இடத்தின் முகவரியைத் தொலைத்துவிட்டு, ராத்திரி ரயில் நிலையத்துப் பக்கம் நின்ற காலிச் சரக்குப் பெட்டியில் படுத்திருக்கிறார். காலையில் பணக்காரத் தெருவில் வீடு வீடாக வழி கேட்டால் கதவை முகத்தில் அடைக்கிறார்கள். கசங்கிய உடுப்பு, தெரியாத நிறம். களைத்துப் போய்த் தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். எதிர் வீட்டிலிருந்து ஓர் அம்மா வெளியே வந்து, நீங்கள் மாநாட்டுக்கு வந்தவரா என்று கேட்டார். உள்ளே அழைத்து, குளிக்கவும் சாப்பிடவும் ஏற்பாடு செய்து, மாநாட்டு அலுவலகத்துக்கும் கூட்டிப் போனார். ஹேல் என்ற அந்தக் குடும்பம் கடைசி வரைக்கும் அவருக்கு உறவாகவே இருந்தது.

1897 ஜனவரி 26-ஆம் தேதி கொழும்பிலிருந்து வந்து பாம்பனில் இறங்கியபோது, வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே இழுத்தார்கள், ராஜாவும் சேர்ந்து இழுத்தார். குந்துகாலில் இப்போது நினைவு மண்டபம் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்களுக்கு மாநாட்டுப் பேச்சு நினைவுக்கு வரும். எனக்கு அந்தத் தெருவோரமும், கதவைத் திறந்துகொண்டு வந்த அந்த அம்மாவும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

எங்கள் வாப்பாவுக்குக் கொழும்புதான் வெளிநாடு. அப்போது சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் பாம்பன் பாலத்தைத் தாண்டித் தனுஷ்கோடி வரும், அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார், மறுபடி ரயில். போட் மெயில் என்பார்கள். 1914-இல் பாலம் திறந்ததிலிருந்து ஓடியது. 1964 டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியைத் துடைத்துவிட்டுப் போனபோது வாப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஊரில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று தெரியாது. பக்கத்துக் கடைச் சிங்களவர் தன் கடையை அடைத்துவிட்டு, இரண்டு ராத்திரி வானொலிப் பெட்டி பக்கத்தில் வாப்பாவோடு உட்கார்ந்திருந்தாராம். அவர் சொன்ன ஆறுதல் பாதி வாப்பாவுக்குப் புரியவில்லை. உட்கார்ந்திருந்தது புரிந்தது.

கருவாட்டு வெள்ளி

பெரிய கதைகளை விட, ஒரே ரூமில் இருந்து பார்த்ததுதான் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது. எங்கள் ரூமில் அடுக்குக் கட்டில்களில் எட்டுப் பேர். நான், இரண்டு மலையாளி, ஒரு பெஷாவர்க்காரர், ஒரு லக்னோக்காரர், பிலிப்பைன்ஸிலிருந்து இரண்டு பேர், பழைய டாக்காவிலிருந்து ஒருவர். அடுப்பு ஒன்று.

முதல் சண்டையே கருவாட்டில் வந்தது. உம்மா கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டை ஒரு நாள் வறுத்தேன். லக்னோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பெஷாவர்க்காரர் கத்தினார். எனக்கு அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. அப்போது பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் வாணலி பக்கத்தில் வந்து நின்று, கண்ணை மூடி மூச்சை இழுத்து, "துயோ" என்றார். அவர்கள் ஊரில் உப்பிட்டுக் காயவைத்த மீனுக்கு அதுதான் பெயர். காலையில் சோற்றோடும் வினிகரோடும் சாப்பிடுவார்களாம். டாக்காக்காரர் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, "ஷுட்கி!" என்றார். வங்காளத்தில் கருவாடு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரை விட்டு வந்து மூன்று வருடமாம்.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு மட்டும் கருவாடு, பால்கனிக் கதவைத் திறந்து வைத்து. அந்த நேரத்தில் லக்னோக்காரர் கடைத்தெருவுக்குப் போய்விடுவார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாரும் மனிதர்கள் என்றால் எல்லாருக்கும் எல்லாம் பிடிக்கும் என்று அர்த்தம் கிடையாது. அவருக்குக் கடைசி வரைக்கும் அந்த வாடை பிடிக்கவில்லை, எங்களுக்கு அவர் பான் பராக் துப்புவது பிடிக்கவில்லை. பிடிக்காததை வைத்துக்கொண்டே ஒரு வழி கண்டுபிடித்தோம். புதிதாகப் போகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். வித்தியாசம் தட்டுப்பட்டதும், "நாம வேற, அவங்க வேற" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் அந்த ரூமில்தான். டாக்காக்காரர் ராத்திரி தன் அம்மாவோடு வீடியோ காலில் பேசுவார். ஒரு நாள் போனை என் பக்கம் திருப்பினார். தரையில் உட்கார்ந்து அந்த அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மரக்கட்டையில் நட்டுவைத்த வளைந்த கத்தி, கட்டையைக் காலால் அழுத்திக்கொண்டு, மீனை இரண்டு கையாலும் பிடித்துக் கத்தியில் வைத்துத் தள்ளுகிறார். எங்கள் வீட்டு அரிவாள்மணை! "இதுக்கு உங்க பாஷைல என்ன பேரு?" என்று கேட்டேன். "போட்டி" மாதிரி ஒரு சொல்லை மூக்கால் சொன்னார். நான் அதைக் கவனித்துக்கொண்டிருந்தபோதே இன்னொன்று கண்ணில் பட்டது. மீன் ரத்தம் தெறித்த அந்த மணிக்கட்டில் வெள்ளை வளையல். சங்கு வளையல்.

வங்காளத்து இந்துப் பெண்கள் கல்யாணம் ஆனதும் சங்கு வளையல் போடுவார்கள். அதை அறுத்துச் செதுக்குகிறவர்கள் இருக்கும் தெரு டாக்காவில் சங்காரி பஜார். அந்தத் தொழிலுக்கு வேண்டிய சங்கு, தலைமுறை தலைமுறையாக எங்கள் கடலிலிருந்தும் இலங்கைக் கரையிலிருந்தும் போய்க்கொண்டிருக்கிறது. கீழக்கரையில் இன்றைக்கும் சங்கு குளிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், எங்கள் தெருவிலேயே உண்டு. குளித்துவிட்டு வந்தவர்களின் கண் சிவந்திருப்பதையும், காது வலிக்கிறது என்று எண்ணெய் விட்டுக்கொள்வதையும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சங்கு எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அது யாரோ ஒரு தாயின் கையில் போய் உட்காரும் என்று தெரிய, நான் ஷார்ஜா போக வேண்டியிருந்தது.

"ஆ?"

மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. குடோனில் ஃபோர்க்லிஃப்ட் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. அப்போது எல்லா நாட்டுக்காரரும் ஒரே சத்தம்தான் போடுவார்கள். புருவத்தைத் தூக்கி, "ஆ?" 

இதை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் உள்ள மேக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 31 மொழிகளை எடுத்துப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். காதில் சரியாக விழாதபோது திருப்பிக் கேட்க மனிதர்கள் போடும் சத்தம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மொழிகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. சொற்கள் ஊருக்கு ஊர் மாறும்போது இது மட்டும் ஏன் மாறவில்லை? பேச்சு அறுந்துபோன அந்த ஒரு நொடியில் நீளமான சொல்லைத் தேட நேரம் இல்லை. சின்னதாக, சுலபமாக, கேள்வி என்று உடனே தெரிவதாக இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் மனிதனுக்கு இதே அவசரம்தான், அதனால் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. நாம் பேசுவது அடுத்தவருக்குப் புரிய வேண்டும் என்ற தவிப்பும் எல்லாருக்கும் பொது என்பதற்கு இதை விட எளிய சாட்சி எனக்குத் தெரியாது.

இதோடு இன்னொன்றையும் கவனித்தேன். தெரியாத ஆளை உறவுமுறை வைத்துக் கூப்பிடுவது. நாம் "அண்ணே" என்போம், மலையாளி "சேட்டா" என்பார், பிலிப்பைன்ஸ்காரர் "கூயா" என்பார். எல்லாம் அண்ணன்தான்.

எல்லாப் பயணமும் காட்டுமா?

காட்டாது. ராமேஸ்வரத்துக்கு எத்தனை வண்டி வருகிறது. இறங்கி, தீர்த்தமாடி, தனுஷ்கோடியில் போட்டோ எடுத்து, சாயங்காலம் ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு நாம் புள்ளி, நமக்கும் அவர்கள் புள்ளி. நம் ஆட்கள் சிங்கப்பூர் சுற்றுலா போய் வருவதும் பெரும்பாலும் இப்படித்தான். காசு கொடுத்து எல்லாம் வாங்கிக்கொள்ள முடிகிற இடத்தில் யாரிடமும் கயிற்றைக் கொடுக்க வேண்டி வருவதில்லை.

ஒரே இடத்தில் வேலை செய்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. வேலை பார்த்த இடத்தில் எங்கள் மேலாளர் ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தினம் பார்த்த முகம்தான், ஆனால் அவர் எனக்குத் தெரியாதவராகவே இருந்தார். நானும் அவருக்கு அப்படித்தான் இருந்திருப்பேன்.

எப்போது நெருக்கம் வரும், எப்போது வராது என்பதை கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே எழுதிவிட்டார். இரண்டு கூட்டத்தார் சந்தித்தால் வெறுப்பு தானாகக் குறையாது, அதற்குச் சில நிலைமைகள் வேண்டும் என்றார். அந்த இடத்தில் இருவரும் சமமாக நிற்க வேண்டும். இருவருக்கும் ஒரே நோக்கம் இருக்க வேண்டும். அதைப் போட்டி போடாமல் சேர்ந்து செய்ய வேண்டும். மேலே இருப்பவர்களோ சட்டமோ வழக்கமோ அதற்குத் துணை நிற்க வேண்டும். பிறகு 2006-இல் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் பழக்கம் கூடக் கூட வெறுப்பு குறைந்திருந்தது. இந்த நிலைமைகள் எல்லாம் இல்லாதபோதும் ஓரளவு குறைந்தது, இருக்கும்போது நன்றாகவே குறைந்தது.

கேட்க இது புத்தகப் பேச்சாக இருக்கும். நம் கடலிலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது. கச்சத்தீவு. 1974 ஒப்பந்தத்தில் அது இலங்கைக்குப் போனது. குடியிருப்பு கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது, அந்தோணியார் கோயில் ஒன்று மட்டும். வருடத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரி மார்ச்சில், இரண்டு நாள் திருவிழா. ராமேஸ்வரத்திலிருந்து படகுகளில் போவார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். அந்தப் பக்கம் நெடுந்தீவு, யாழ்ப்பாணம், மன்னாரிலிருந்து வருவார்கள். சிங்களக் கத்தோலிக்கர்களும் வருவார்கள். பூசை தமிழிலும் சிங்களத்திலும் நடக்கும்.

தங்கச்சிமடத்து நண்பர் ஒருவர் தவறாமல் போய் வருகிறவர். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மற்ற நாட்களில் இந்த இரண்டு கரைக்கும் நடுவில் எத்தனை வேதனை. இந்திய விசைப்படகுகள் வந்து எங்கள் சின்ன வலைகளை அறுத்துப் போடுகின்றன என்று அந்தக் கரைக்காரர்கள் சொல்கிறார்கள். அது உண்மை. எங்கள் ஆட்களைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள், படகைத் திருப்பித் தருவதில்லை என்று இவர்கள் சொல்கிறார்கள். அதுவும் உண்மை. திருவிழா ராத்திரியில் சிலுவைப்பாதை முடிந்து மணலில் உட்கார்ந்தால், அதே ஆட்கள்தான் பக்கத்துப் பக்கத்தில். எல்லாரும் வேண்டுதலோடு வந்தவர்கள், எல்லாரும் தரையில்தான் படுக்க வேண்டும், தண்ணீர் தீர்ந்தால் பக்கத்து ஆளிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு நாட்டு அரசும் அந்த இரண்டு நாளுக்கு ஒத்துழைக்கின்றன. ஆல்போர்ட் கேட்ட நான்கும் அங்கே இருக்கிறது.

"எந்த ஊரு?"ன்னு ஆரம்பிப்போம், அப்புறம் வலை, அப்புறம் டீசல் விலை, அப்புறம் பிள்ளைங்க என்பார் நண்பர். காலையில் படகு ஏறியதும் பிரச்சினை பிரச்சினையாகவேதான் இருக்கிறது. ஒரு ராத்திரி மணலில் உட்கார்ந்து பேசி மீன்பிடி எல்லை தீர்ந்துவிடாது. ஆனால் வலை அறுந்தது யாருக்கு என்பது நண்பருக்கு இப்போது தெரியும். அந்த ஆளின் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதும் தெரியும்.

மருமகனுக்கு

நீ போகும்போது பெட்டியில் தொதல் எடுத்துக்கொண்டு போ. உம்மா கிண்டித் தருவார்கள், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு, கை வலிக்க வலிக்க. நான் கொண்டுபோன தொதலை இந்தோனேசியாக்காரர் ஒருவரிடம் நீட்டியபோது, வாயில் போடுவதற்கு முன்பே "டோடோல்" என்றார். மலேசியாவிலும் அதே பெயர்தான், கோவாவிலும் அதே பெயர்தான். நம்மூர்ப் பண்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தது கடல் முழுக்கச் சொந்தம் கொண்டாடும் பண்டம்.

சோற்றுக்கு உட்காரும்போது நம்மூர் ஆட்களோடு மட்டும் உட்காராதே. சின்ன உதவியாவது கேள். கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. கேட்டால்தான் அடுத்தவருக்கும் உன்னிடம் கேட்க வாய் வரும். ஏமாற்றுகிறவனும் இருப்பான், நம்மூரில் இருப்பது போலவே. பாஸ்போர்ட் நகலையும் காசையும் பத்திரமாக வை. காவலாளியின் பெயரை முதல் நாளே கேட்டுவிடு.

அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன, கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தது. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. அந்தக் கப்பல்கள் வந்து நின்றபோது, மேலிருந்து எறிந்த கயிற்றைப் பிடித்துக் கட்ட நம் கரையில் ஒருவர் நின்றிருக்க வேண்டும். அவருக்கு வந்தவனின் மொழி தெரிந்திருக்காது. கயிறு வருகிறது, பிடிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

மாஷிமா வந்த நாள்

போன வருடம் டாக்காக்காரர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் வந்தார். நண்பனின் அம்மாவை அவர்கள் மாஷிமா என்பார்கள், சின்னம்மா மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு வந்தார். அடுத்து இருபத்திரண்டு தீர்த்தம். நான் வெளியே நின்று அவர்கள் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டேன். கிணற்று மேட்டில் நின்ற ஆள் கயிற்று வாளியை வீசி இறக்கி, இழுத்து, தலையில் ஊற்றிய ஒவ்வொரு தடவையும் மாஷிமா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார் என்று நண்பர் வந்து சொன்னார்.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உம்மா விளமீன் வாங்கி வைத்திருந்தார். அடுப்படியில் அரிவாள்மணையைப் பார்த்ததும் மாஷிமா கேட்கவே இல்லை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மீனைத் திருப்பி, செதிலைத் தள்ளி, தலையை வெட்டப் போனார். உம்மா, "தலைய அப்படி வெட்டாதீங்க, முழுசா இருக்கட்டும்" என்றார் தமிழில். மாஷிமா நிமிர்ந்து, "ஆ?" என்றார். உம்மா கையால் காட்டினார். மாஷிமா வங்காளியில் நீளமாக ஏதோ சொன்னார். இப்போது உம்மா, "ஆ?" என்றார்.

மொழிபெயர்க்க எழுந்த நண்பரை நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உள்ளே உம்மா, மாஷிமாவின் ஈரக் கையைப் பிடித்து, அந்த வெள்ளை வளையலை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.